புறம்போக்கு ஓடையில் தங்கம் அரிக்கலாமா?

கேள்வி: ஆறு ஆண்டுகள் மெல்போர்னில் வேலை பார்த்தேன். வார இறுதிகளில் பெண்டிகோ பக்கம் போய் ஓடை மண்ணை அரித்துத் தங்கம் தேடுவது என் பொழுதுபோக்கு. அதற்கான உரிமச் சீட்டும் இருக்கிறது. இப்போது கோவைக்கே வந்துவிட்டேன். நீலகிரியில் தேவாலா, பந்தலூர் ஓடைகளில் தங்கத்துகள் கிடைக்கும் என்கிறார்கள். புறம்போக்கு ஓடைதானே, தட்டும் மெட்டல் டிடெக்டருமாகப் போனால் தப்பா? அங்கே நண்பர் ஒருவருக்குப் பட்டா நிலமும் இருக்கிறது.
- வாசகர், கோவை

பதில்: தப்புதான். எவ்வளவு பெரிய தப்பு என்று தெரியாமல் யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது விக்டோரியா மாநிலத்தின் ‘மைனர்ஸ் ரைட்’. (நம்மூர் மைனர் இல்லை, சுரங்கக்காரர்.) 1854 டிசம்பரில் அங்கே பலராட் என்ற ஊரில் உரிமக் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கக்காரர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ரத்தம் சிந்திய அந்த மோதலுக்குப் பிறகு, 1855-இல் வந்தது இந்தச் சீட்டு. சிறு கட்டணம் கட்டினால் பத்து ஆண்டு செல்லும். அனுமதித்த அரசு நிலத்தில் கைக்கருவியோடு தேடலாம், கிடைத்தது உங்களுக்கே. இந்தியாவில் இப்படி ஒரு சீட்டை எந்த அலுவலகத்திலும் வாங்க முடியாது. கனிம உரிமங்கள் ஏலத்தில் போகின்றன. அது கம்பெனிகளின் ஆட்டம்.

1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம், பிரிவு 4, உரிமம் இல்லாமல் கனிமம் எடுப்பதை மட்டும் தடுக்கவில்லை, தேடுவதையும் தடுக்கிறது. கனிமம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்யும் எந்த வேலையும் ‘தேடுதல்’தான். முழங்கால் தண்ணீரில் நின்று தட்டைச் சுழற்றி, கறுப்பு மணலுக்கு நடுவே மஞ்சளாக ஏதாவது மின்னுகிறதா என்று குனிந்து பார்க்கிறீர்களே, அதுவே போதும். “எதுவும் எடுக்கவில்லை சார், சும்மா பார்த்தேன்” என்பது எடுபடாது. பிரிவு 21-இன்படி ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். கருவிகளையும் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அதிகாரியின் எழுத்துப்பூர்வமான புகார் இல்லாமல் இந்தச் சட்டத்தில் நீதிமன்றம் வழக்கை ஏற்காது என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பிப் போகாதீர்கள். அரசு நிலத்திலிருந்து கனிமத்தை எடுத்தால் போலீஸ் தனியாகத் திருட்டு வழக்கும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே சொல்லிவிட்டது.

புறம்போக்கு என்றால் கேட்பாரில்லாத நிலம் என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. கேட்பார் இருக்கிறார், அரசாங்கம். அதிலும் கூடலூர், பந்தலூர் நிலக் கணக்கு தனிச் சிக்கல். 1969-ஆம் ஆண்டின் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தால் ஜன்மிகளின் (பரம்பரை நிலச்சொந்தக்காரர்களின்) எஸ்டேட்டுகள் கனிமம், ஓடை உட்பட அரசுக்குப் போயின. ‘செக்‌ஷன் 17 நிலம்’ (ஜன்மிகளிடம் தோட்டக்காரர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம்) என்ற தகராறு அங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது. ஓடைக்கு இந்தக் கரை எஸ்டேட்டாகவும் அந்தக் கரை காப்புக்காடாகவும் இருக்கலாம். கரை மாறினால் வனத்துறை வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

சரி, நண்பரின் பட்டா நிலம்? நிலத்துக்கடியில் உள்ள கனிமமும் பொதுவாக நில உரிமையாளருக்கே என்று 2013-இல், மலபார் ஜன்ம நிலம் பற்றிய கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வாட்ஸ்அப்பில் பாதி படித்துவிட்டு மண்வெட்டியோடு கிளம்புகிறவர்கள் உண்டு. கனிமம் உங்கள் நண்பருடையதாகவே இருந்தாலும் தோண்ட உரிமம் வேண்டும். தீர்ப்பு அதை மாற்றவில்லை.

டிடெக்டருக்கும் ஒரு வார்த்தை. மண்ணில் புதைந்த பழைய காசு அகப்பட்டால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வரம்பு பத்து ரூபாய்!

இன்னொன்று, 1879-இல் வயநாட்டுத் தங்கத்தை (தேவாலா, பந்தலூர் பக்கமும் அப்போது வயநாடுதான்) ஆராய வந்த பிராஃப் ஸ்மைத், உங்கள் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்தவர். அதையடுத்து லண்டன் பணம் கொட்டியது, சில ஆண்டுகளில் கம்பெனிகள் கவிழ்ந்தன. அவர்கள் விட்டுப்போன குழிகள் தேவாலாவில் இன்னும் திறந்து கிடக்கின்றன. திருட்டுத்தனமாக இறங்கி மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் அரிக்கிறார்களே என்று கேட்பீர்கள். வயிற்றுக்காக அரிக்கிறவர்களும் வழக்கில் மாட்டுகிறார்கள்.

உங்கள் சீட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அடுத்த முறை மெல்போர்ன் போகும்போது அது செல்லும். தட்டை அங்கேயே எடுத்துப் போங்கள். போகும் இடம் தேசியப் பூங்காவுக்குள்ளோ அடுத்தவரின் சுரங்க உரிமத்துக்குள்ளோ வருகிறதா என்று மட்டும் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.