எல்.கே.ஜி. புதையல் வேட்டை: எல்லாரும் ஒரே மூலைக்கு ஓடினால்

டீச்சர், குளச்சலில் உங்கள் 20 பிள்ளைகளும் கடற்கொள்ளையர் வரைபடத்தைப் பார்க்காமல் ஒரே மூலைக்கு ஓடினது வரைபடத்தின் கோளாறுதான். மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படம் 4 வயதில் பலருக்கும் எளிதில் பிடிபடாது. குழாயடி, வேப்பமரம், மணி, படிக்கட்டு என 4 ஃபோட்டோக்களை வரிசையாக ஒட்டுங்கள். ஐந்து பேர் வீதம் 4 குழு. ஒவ்வொன்றுக்கும் வேறு தொடக்க இடம்.

ஒவ்வொரு இடத்திலும் புதைக்கும் டப்பாவில் ‘3’ என்று எழுதினால் குழுவுக்கு 3 சிப்பி. ஆக உள்ளே 12 வேணும். வாயில் போடுவார்கள், 4 செ.மீ.க்குக் குறைந்த சிப்பி வேண்டாம். புதைக்கக் கழுவிய ஆற்றுமணல் போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் கதிரியக்கமுள்ள மோனசைட் என்ற தாது உண்டு, அதைத் தொடவே வேண்டாம்.

தாளைப் பழசாக்கக் கட்டன்சாயா (பாலில்லாத டீ) தடவலாம். ஸ்கெட்ச் பேனா கரையும், கிரேயான் கரையாது. கொள்ளையர் வேஷத்துக்கு ஒரு கண்ணை மூடும் கண்பட்டை, ஃபோட்டோ எடுக்க மட்டும். கட்டிக்கொண்டு ஓடினால் தூரம் தெரியாமல் விழுவார்கள்.