விரைவுச்சாலையில் வேகமும் இடைவெளியும்: கேள்வி பதில்

விரைவுச்சாலையில் கார் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் சிலர் சாலையின் இடப்பக்கமும் சிலர் வலப்பக்கமும் ஓட்டும் நாடுகளில் இருப்பதால், இடம் வலம் என்று குறிப்பிடாமல், மெதுவாகச் செல்பவர்களுக்கு உரியதை ஓரத் தடம் என்றும், எதிர்ப்புறம் உள்ளதை முந்தும் தடம் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: இன்றைய கார்களின் பிரேக் மிகவும் நன்றாக இருப்பதால் 100 கி.மீ. வேகத்துக்கும் 120 கி.மீ. வேகத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியல்ல. பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆபத்தைக் கண் கண்டு, மூளை முடிவெடுத்து, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறுவதற்குள் ஏறத்தாழ ஒன்றரை நொடி கழிந்துவிடுகிறது; அதற்குள் 100இல் செல்லும் கார் 42 மீட்டரும், 120இல் செல்லும் கார் 50 மீட்டரும் வேகம் சற்றும் குறையாமல் ஓடிவிடும். பிரேக்கின் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. உலர்ந்த சாலையில், நல்ல டயர்களோடு, ஒவ்வொரு நொடியிலும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குச் சற்று மேலாகக் குறைவதாகக் கொண்டால், முதல் கார் நிற்க மேலும் 55 மீட்டரும் இரண்டாவது கார் நிற்க 79 மீட்டரும் வேண்டும். ஆக மொத்தம் முறையே 97 மீட்டர், 129 மீட்டர்.

இனி, இந்த இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இணையாகச் செல்கின்றன என்றும், 97 மீட்டருக்கு அப்பால் கவிழ்ந்து கிடக்கும் ஒரு லாரியை இரண்டு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் லாரியைத் தொடாமல் நின்றுவிடும். இரண்டாவது கார் அதே இடத்தை அடையும்போது இன்னும் 77 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதை முதலில் நம்புவதில்லை. தாளில் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்கிறார்கள். காரணம், ஓடும் வண்டியில் உள்ள ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 20 விழுக்காடு கூடுதல் வேகம் 44 விழுக்காடு கூடுதல் ஆற்றலாகிவிடுகிறது.

வேகமாகப் போவதால் உங்களுக்குக் கிடைப்பது என்னவென்றும் பார்த்துவிடலாம். 200 கி.மீ. பயணத்தில், 120இல் தடையின்றி ஓட்ட முடிந்தால் 20 நிமிடம் மிச்சமாகும். அதற்கும் மேலே 140க்குப் போனால் கூடுதலாக மிச்சமாவது 14 நிமிடம்தான். வேகம் கூடக்கூட மிச்சம் குறைந்துகொண்டே வர, நிற்கத் தேவையான தொலைவு மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

கேள்வி: முன்னால் செல்லும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? நான் இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். மறுபடி விட்டால் இன்னொருவர் நுழைகிறார்.

பதில்: குறைந்தது இரண்டு நொடி, மழையில் நான்கு நொடி, சாலையில் பனி உறைந்திருந்தால் அதைப் போலப் பல மடங்கு. மீட்டரில் கணக்கிட வேண்டாம், ஏனெனில் ஓடும் காரிலிருந்து 60 மீட்டரைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். சாலையோரத்துக் கம்பம் ஒன்றையோ பாலத்தின் நிழலையோ முன்வண்டி கடக்கும்போது எண்ணத் தொடங்கி, நீங்கள் அதைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். வேகம் கூடினால் அதே இரண்டு நொடிக்குள் அடங்கும் தொலைவும் தானாகவே கூடிவிடுவதால், இந்த அளவு எல்லா வேகத்துக்கும் பொருந்தும்.

முந்திய பதிலில் 97 மீட்டர் என்று சொல்லிவிட்டு இங்கே 56 மீட்டருக்குச் சமமான இரண்டு நொடி போதும் என்கிறேனே என்று கேட்கலாம். முன்வண்டியும் பிரேக் போட்டு நிற்கச் சற்றுத் தொலைவை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு நொடி போதுமானதாகிறது. அது பிரேக் போடாமல் எதன் மீதாவது மோதி அங்கேயே நின்றுவிட்டால் இரண்டு நொடி போதாது. ஆகவே இரண்டு நொடி என்பது குறைந்தபட்ச அளவு. நான் மூன்று நொடி விடுகிறேன்.

இடையில் நுழைபவர்களைப் பற்றி: ஒருவர் நுழைந்த பிறகு நீங்கள் மீண்டும் இடைவெளியை உண்டாக்கிக்கொண்டால் உங்களுக்கு ஏற்படும் தாமதம் ஏறத்தாழ இரண்டு நொடி. ஒரு பயணத்தில் இருபது பேர் நுழைந்தாலும் நாற்பது நொடிதான். எரிச்சல் வருவது இயல்பு, ஆனால் நாம் இழப்பது மிகக் குறைவு.

கேள்வி: நான் வேக வரம்பில்தான் முந்துகிறேன். அப்போதும் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே வருகிறார். என்ன செய்வது?

பதில்: முந்தி முடித்தவுடன் இண்டிகேட்டர் போட்டு ஓரத் தடத்துக்கு வந்துவிடுங்கள். அவருக்குப் பாடம் புகட்ட பிரேக்கைத் தட்டிக் காட்டுவது வேண்டவே வேண்டாம். அவர் ஒட்டி வரும் நேரத்தில் உங்களுக்கு முன்னால் உள்ள இடைவெளியைச் சற்று அதிகமாக்கிக்கொண்டால், நீங்கள் திடீரென்று பிரேக் போட வேண்டிய தேவை குறையும். அவருக்கும் சேர்த்து நீங்கள் இடைவெளி விடுவதாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் காரின் மீட்டர் 120 காட்டும்போது கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் 114தான் காட்டுகிறது. அப்படியானால் மீட்டரில் 126 வரை போகலாமா?

பதில்: மீட்டர் பழுதாகவில்லை. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளின்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாக எப்போதும் காட்டக்கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்து விழுக்காட்டோடு 4 கி.மீ. வரை. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே அமைக்கிறார்கள். டயர் தேய்ந்தால் அதன் சுற்றளவு குறைந்து இந்த வேறுபாடு சற்று மிகும். அளவில் பெரிய டயரை மாட்டினால் வேறுபாடு குறையும், மீட்டர் உண்மைக்குக் கீழாகக் காட்டவும் கூடும். நேரான சாலையில் சீராக ஓடும்போது ஜிபிஎஸ் காட்டுவதே உண்மைக்கு நெருக்கமானது, ஆனால் வேகம் மாறும்போதும் சுரங்கப்பாதையிலும் அது பிந்தும் அல்லது தவறும். கணக்கின்படி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் வேக வரம்பு என்பது எட்டித் தொட வேண்டிய இலக்கு அன்று என்பதால், அந்த 6 கி.மீ.யை நான் தேடிப்போக மாட்டேன்.

கேள்வி: மிக மெதுவாகப் போவதும் ஆபத்து என்கிறார்களே? என் அப்பா விரைவுச்சாலையில் நடுத்தடத்தில் 60இல்தான் ஓட்டுவார்.

பதில்: இதில் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1964இல் டேவிட் சாலமன் என்பவர் அமெரிக்காவின் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, சராசரி வேகத்திலிருந்து மேலேயோ கீழேயோ விலகிச் செல்பவர்கள் அதிகமாக விபத்தில் சிக்குகிறார்கள் என்று எழுதினார். வேகமாக ஓட்ட விரும்புபவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்தச் சாலைகளில் சந்திப்புகள் இருந்தன. மெதுவாகச் சென்றவர்களாகக் கணக்கில் வந்தவர்களில், திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தவர்களும் இருந்தார்கள். பின்வந்த ஆய்வுகளில் அவர்களை நீக்கிப் பார்த்தபோது, மெதுவாகச் செல்வதன் ஆபத்து பெரிதும் குறைந்தது. வேகமாகச் செல்வதன் ஆபத்து அப்படியே நின்றது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு விழுக்காடு உயரும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

ஆயினும் உங்கள் அப்பா விஷயத்தில் கவலைப்பட இடமிருக்கிறது. மற்றவர்கள் 110இல் வரும் தடத்தில் 60இல் செல்பவரை, பின்னால் வருபவர் நொடிக்கு 14 மீட்டர் வீதம் நெருங்குகிறார். தொலைவில் தெரியும் வண்டி ஓடுகிறதா, எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பதைக் கண் பிந்தித்தான் உணர்கிறது. எனவே அவரை 110க்கு விரட்ட வேண்டாம். ஓரத் தடத்துக்கு மாற்றுங்கள். அங்கே லாரிகள் செல்லும் வேகமான 80ஐ ஒட்டி அவரால் ஓட்ட முடிந்தால் போதுமானது. அதுவும் இயலாது என்றால், அவர் அந்தச் சாலையைத் தவிர்த்து வேறு வழியில் செல்வதே நல்லது.

கேள்வி: விபத்தும் இல்லை, சாலைப் பணியும் இல்லை, ஆனாலும் திடீரென்று எல்லா வண்டிகளும் நின்று, சிறிது தொலைவு சென்றதும் ஒன்றுமே நடக்காதது போலச் சாலை காலியாகிவிடுகிறது. இது ஏன்?

பதில்: இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டு, ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லுமாறு ஓட்டுநர்களிடம் சொன்னார்கள். தடையோ குறுக்கீடோ எதுவும் இல்லை. சிறிது நேரம் ஒழுங்காக ஓடிய கார்களில் யாரோ ஒருவர் சற்றே வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைக்க, அடுத்தவர் இன்னும் குறைக்க, ஒரு கட்டத்தில் சில கார்கள் முழுவதுமாக நின்றேவிட்டன. நின்ற அந்தக் கூட்டம், கார்கள் செல்லும் திசைக்கு எதிராக, ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் அலையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

விரைவுச்சாலையில் நீங்கள் காண்பதும் இதுவே. கிலோமீட்டர் கணக்கான தொலைவுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒட்டிச் சென்று பிரேக்கைத் தட்டியதன் விளைவு, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சாலையில் தங்கிவிடுகிறது. போதிய இடைவெளியோடு செல்பவர், முன்வண்டி வேகம் குறையும்போது பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே சமாளித்துவிடுவதால், அந்த அலை அவரிடம் வந்து ஓரளவு தணிந்துவிடுகிறது. நெரிசல் நேரத்தில் மின்பலகையில் வேக வரம்பைக் குறைத்துக் காட்டுவதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. காலியாகத் தெரியும் சாலையில் 80 என்று காட்டினால் பலகை பழுது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கண்ணுக்கு எட்டாத தொலைவில் வண்டிகள் நின்றிருக்கலாம்.

கேள்வி: ஜெர்மனியில் வேக வரம்பே இல்லை, அங்கே எல்லோரும் பாதுகாப்பாகத்தானே ஓட்டுகிறார்கள்?

பதில்: ஜெர்மனியிலும் விரைவுச்சாலையின் பல பகுதிகளில் நிலையான வரம்பு உண்டு. வரம்பு இல்லாத பகுதிகளில் கார்களுக்கு 130 என்பது பரிந்துரை வேகம். அதைத் தாண்டிச் செல்வது குற்றமாகாது என்றாலும், விபத்து நேர்ந்தால் வேகமாகச் சென்றவர் மீது பொறுப்பின் ஒரு பங்கு விழக்கூடும். முந்தும் தடத்தை அடைத்துக்கொண்டு செல்லக்கூடாது, ஓரத் தடத்தின் வழியாக முந்தக்கூடாது என்ற விதிகளை அங்கே கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். வரம்பில்லாத வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த ஒழுங்கை விட்டுவிட்டால் ஒப்பீடே பொருந்தாது.

கேள்வி: இரவில் தூக்கம் வந்தால் கண்ணாடியை இறக்கி, பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளிக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. அவை சில நிமிடங்களுக்கு மட்டுமே உதவும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் விதிக்கும் வரம்பே அதுதான். கண் சொக்கி நான்கு நொடி போனால், 110 கி.மீ. வேகத்தில் 122 மீட்டர் தொலைவை யாரும் ஓட்டாமல் உங்கள் கார் கடந்திருக்கும். கடந்த சில கிலோமீட்டரில் என்ன பார்த்தோம் என்பது நினைவில்லை என்றால் அதுவே எச்சரிக்கை. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் உறங்குங்கள். எழும் நேரத்தில்தான் காபி வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகும் தூக்கம் தீரவில்லை என்றால் அன்றிரவு பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வேகமாகச் செல்லும்போது டயர் வெடித்தால்?

பதில்: பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து வண்டியை நேராக வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு ஓரத்துக்கு ஒதுங்குங்கள். டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று காற்றுக் குறைவு: காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. பயணம் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபார்க்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர்.

கேள்வி: பின் இருக்கையில் சீட் பெல்ட் கட்டாயமாகத் தேவையா?

பதில்: தேவை. மோதலில் பெல்ட் போடாத பின் இருக்கைக்காரர், கார் சென்ற அதே வேகத்தில் முன் இருக்கையின் மீது போய் விழுகிறார். அவருக்கு முன்னால் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தும் அடிபடுவது இதனால்தான்.

கேள்வி: வெளியேறும் வழியைத் தவறவிட்டாலோ, வண்டி நடுவழியில் பழுதாகி நின்றாலோ எப்படி நடந்துகொள்வது?

பதில்: தவறவிட்டால் அடுத்த வழியில் வெளியேறித் திரும்பி வாருங்கள். பின்னோக்கி ஓட்டுவதும், பிரியும் இடத்தில் கோடுகளைத் தாண்டிக் கடைசி நொடியில் வெட்டித் திருப்புவதும் கூடாது. வெளியேறிய பிறகு மீட்டரைப் பாருங்கள், ஏனெனில் நெடுநேரம் 110இல் ஓட்டியவருக்கு 70 என்பது நடப்பது போலத் தோன்றும். வளைவில் வேகம் மிகுந்து தடுமாறுவது அதனால்தான்.

பழுதானால், இயன்றவரை ஓடவிட்டு, சாலையோரத்து அவசரப் பாதையின் வெளி விளிம்பை ஒட்டி நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். வண்டிகள் செல்லாத பக்கத்துக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். காருக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால் உங்கள் காரே உங்கள் மீது ஏறும். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் சென்று வைப்பது சில நாடுகளில் கட்டாயம். பிரிட்டனின் விரைவுச்சாலைகளிலோ அதை வைக்கவே கூடாது என்கிறது விதி. நீங்கள் ஓட்டும் நாட்டின் விதியை முன்பே அறிந்து வைத்திருங்கள். வைக்க வேண்டிய இடங்களில் தடுப்புக்கு அப்பாலேயே நடந்து சென்று வைத்துவிட்டு, அதே வழியில் திரும்பி, உதவி எண்ணை அழையுங்கள். கைப்பேசி, குடிநீர், சட்டைக்கு மேல் அணியும் ஒளிரும் மேலங்கி ஆகிய மூன்றும் டிக்கியில் இல்லாமல் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.