கண்ணி இறுகுகிறதா? முனையைப் பாருங்கள்

வேலை முடிந்து மனசு ஆறட்டும் என்று ஊசியும் நூலுமாக நிட்டிங் பின்ன உட்கார்ந்தால், கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) இறுகி எரிச்சல்தான் மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊசியின் கூர்முனையிலேயே பின்னுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முனை ஒல்லி, அங்கே போட்ட கண்ணி தடித்த பகுதிக்கு வந்தால் இறுகத்தான் செய்யும். ஒவ்வொரு புதுக் கண்ணியையும் தடித்த இடம் வரை தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 4 மி.மீ. தடிமன் ஊசி என்றால் 5 மி.மீ.க்கு மாறுங்கள். பருத்தி நூல் இழுத்தால் நெகிழாது. இப்போதைக்கு அக்ரிலிக் நூலே போதும்.

அப்புறம், டிசைன் எதுவும் வேண்டாம். 20 கண்ணி, எல்லா வரிசையும் ஒரே பின்னல். எனக்கு நாலாவது வரிசையில்தான் தோள் தானாக இறங்கும். ஊசிகள் உரசும் டிக் டிக் மட்டும் கேட்கும். அவ்வளவு சுகம் அது! மணிக்கட்டு வலித்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.