புது ரயில் வரும்வரை பழைய ரயிலிடம் என்ன கேட்பது?

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கென்னடியிலிருந்து புளோர்-யங் வரை தினமும் சப்வேயில் போய் வருகிறேன். இரண்டாம் தடத்து ரயில்களுக்கு முப்பது வயதாகிறது, மாற்றப்போகிறோம் என்று டி.டி.சி. (டொராண்டோவின் போக்குவரத்து நிறுவனம்) சொல்லிச் சொல்லி வருடங்கள் ஓடிவிட்டன. எஸ்.ஆர்.டி. என்ற ஸ்கார்பரோ ரயில் தடம் புரண்டதைப் பார்த்த எங்களுக்குப் பயமாக இருக்கிறது. பழையதைப் புதுப்பித்து ஓட்டினால் ஆகாதா? சென்னை மெட்ரோவுக்குச் செய்து கொடுக்கும் அதே கம்பனியிடம் தயாராக இருப்பதை வாங்க ஏன் இத்தனை காலம்? வாரியக் கூட்டத்தில் பேச எண்ணியிருக்கிறேன். எதைக் கேட்கலாம்?"

முதலில் பயத்தைப் பற்றி. 2023 ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே எஸ்.ஆர்.டி.யின் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. ஐந்து பேர் காயமடைந்தார்கள். 1985இல் திறந்த அந்தத் தடத்தை 2023 நவம்பரில் மூடுவதாக இருந்தது. அதன் பிறகு அது திறக்கவே இல்லை. ஆனால் அங்கே கோளாறு பெட்டியில் இல்லை. அந்த ரயில்கள் நேரியல் மோட்டாரில் (சுழலாமல் காந்த விசையால் நேராகத் தள்ளும் மோட்டார்) ஓடுபவை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஓர் உலோகப் பட்டை போகும். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து பட்டை மேலெழும்பியதால் வந்த விபத்து அது. இரண்டாம் தடத்தில் அப்படியொரு பட்டையே கிடையாது. அங்கே ஓடும் டி-1 பெட்டிகள் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் நேர்மின்சாரம் எடுத்து, சாதாரணச் சுழல் மோட்டாரில் ஓடுகின்றன. எஸ்.ஆர்.டி.க்கு நடந்தது அப்படியே இங்கே நடக்காது.

அதற்காக வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டோம். டி-1 பெட்டிகள் மொத்தம் 372, தண்டர் பே தொழிற்சாலையில் பொம்பார்டியர் கட்டியவை. 1995 முதல் 2001 வரை வந்து சேர்ந்தன. 30 வருடம் ஓடட்டும் என்று வடிவமைத்தவை. முப்பது முடிந்த மறுநாள் ஆபத்து என்று அதற்குப் பொருள் இல்லை. அலுமினிய உடல் அதற்கு மேலும் தாங்கும். சக்கரத்தைக் கடைந்து உருவம் திருத்தலாம், தேய்ந்தால் மாற்றலாம். போகிச் சட்டத்தின் (சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் அடிப்பகுதி) பற்றவைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்துத் திருத்தலாம். முதலில் கைவிடுவது மின்னணுப் பகுதிதான். மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டர், கதவு, பிரேக், குளிரூட்டி எல்லாவற்றின் கட்டுப்பாட்டு அட்டைகளும் 1990களின் சில்லுகளால் ஆனவை. அந்தச் சில்லைச் செய்தவர் உற்பத்தியை நிறுத்திவிட்டால், ஒரு அட்டை எரிந்ததும் மாற்று கிடைக்காது. அட்டையைப் புதிதாக வடிவமைத்துச் செய்விக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ரயிலை ஓரங்கட்டி, அதிலிருந்து கழற்றி மற்றதற்குப் போட வேண்டும்.

இந்த இரண்டாவது வழியால்தான் நடைமேடையில் உங்கள் காத்திருப்பு நீள்கிறது. கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கிப்ளிங்கிலிருந்து கென்னடி போய்த் திரும்பும் முழுச் சுற்று 105 நிமிடம் என்று வையுங்கள். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் விட 42 ரயில் தேவை. பராமரிப்பில் நிற்பவை, திடீர்ப் பழுதுக்கான மாற்று என்று இன்னும் இருபது சதவீதம் சேர்த்தால் ஐம்பது. மாற்று ரயில்கள் முழுதும் கரைந்து, ஓடுபவையிலும் மூன்று குறைந்தால் இடைவெளி 2 நிமிடம் 42 நொடி ஆகும். பன்னிரண்டு நொடிதானே என்று தோன்றும். மணிக்கு 24 ரயில் என்பது 22 ஆகிவிடுகிறது. ஒரு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றால், காலை நெரிசலில் இரண்டாயிரம் பேருக்கு அந்த மணியில் இடமில்லை.

புதுப்பிக்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். ஐந்தாறு வருடம் நீட்டிக்க என்றால் கட்டாயம் செய்தே ஆக வேண்டும். இன்னும் இருபது வருடம் ஓட்ட என்றால் வேண்டாம். இதற்குச் சிக்னலே காரணம். 1966இல் திறந்த இந்தத் தடம் இன்னும் பழைய முறையில், பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் என்றே நடக்கிறது. முதலாம் தடத்தில் 2022 செப்டம்பரில் முழுமையாக வந்த தானியங்கிக் கட்டுப்பாடு இங்கேயும் வேண்டுமானால், ஒவ்வொரு ரயிலிலும் கணினி, வேக உணரிகள், ஆன்டெனா எல்லாம் வைத்து, அவற்றைப் பிரேக்கோடும் இன்வெர்ட்டரோடும் பேச வைக்க வேண்டும். முப்பது வயது அட்டைகளோடு அந்தப் பேச்சை நடத்துவது பெரும் செலவு. நடத்தி முடித்தாலும் அந்தப் பெட்டிக்கு மிச்சமுள்ள ஆயுள் சொற்பம். ஆகவே புதுச் சிக்னலுக்குப் புது ரயில் முன்நிபந்தனை. ரயில் தள்ளிப்போனால் சிக்னலும் கூடவே தள்ளிப்போகும்.

தயாராக இருப்பதை வாங்கலாம் என்றால் அளவு இடிக்கிறது. டொராண்டோ சப்வேயின் தண்டவாள இடைவெளி 1,495 மி.மீ. உலகில் பெரும்பாலான மெட்ரோக்கள், சென்னையும் சேர்த்து, 1,435 மி.மீ. அறுபது மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக அச்சும் போகியும் தனியாக வடிவமைக்க வேண்டும். சென்னை ரயில் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது, இங்கே தரையோரத்தில் 600 வோல்ட். விக்டோரியா பார்க், வார்டன் பக்கம் வெட்டவெளியில் பனியிலும் ஓட வேண்டும். கம்பனி ஒன்றாக இருந்தாலும் ரயில் வேறு.

அதனால் காலம் பிடிக்கிறது. முதலாம் தடத்தின் ரொக்கெட் ரயில்களுக்கு 2006 டிசம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் ரயில் பயணிகளை ஏற்றியது 2011 ஜூலையில். கையெழுத்திலிருந்து நாலரை வருடம் ஆனது. வடிவமைப்பு, முன்மாதிரி, பழைய தடத்தில் இரவு நேரச் சோதனை, ஓட்டுநர் பயிற்சி எதையும் அவசரப்படுத்தக் கூடாது. நம் விஷயத்தில் வருத்தத்துக்குரிய தாமதம் தொழிற்சாலைக்கு வெளியே நடந்தது. 2022 அக்டோபரில் கேட்ட விலைப்புள்ளியை, பணம் உறுதியாகவில்லை என்று 2023 ஜூனில் ரத்துச் செய்தார்கள். 55 ரயிலுக்கு 2.3 பில்லியன் டொலர். நகரம், மாகாணம், மத்திய அரசு மூன்றும் ஆளுக்குச் சுமார் 758 மில்லியன் தருவது 2024 நவம்பரில்தான் உறுதியானது. 2025 ஓகஸ்டில், போட்டியை விட்டு, தண்டர் பே ஆலையை இப்போது நடத்தும் அல்ஸ்டமோடு நேரடியாகப் பேசுவது என்று தீர்மானித்தார்கள். நீட்டிப்புப் பாதைகளுக்கான 15ஐயும் சேர்த்து மொத்தம் 70 ரயில். ஆகவே அடுத்த சில வருடங்களுக்கு உங்களைச் சுமக்கப்போவது டி-1தான். உங்கள் கேள்விகளும் அதைப் பற்றியே இருக்கட்டும்.

இந்த இடைக்காலம் எப்படிக் கெடும் என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். 1987 தலைமுறையைச் சேர்ந்த சி-151 ரயில்களுக்குப் பதில் புதியவை வரத் தொடங்கியிருந்தன. எப்படியும் விலகப்போகிற ரயில் என்பதால், 5 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இருந்த முழுப் பராமரிப்பைப் படிப்படியாக 7.5 லட்சம் வரை நீட்டினார்கள். 2024 செப்டம்பர் 25 அன்று, 6.9 லட்சத்தைத் தாண்டிய ஒரு ரயிலின் அச்சுப்பெட்டியில் (அச்சின் முனையைத் தாங்கும் பகுதி) கிரீஸ் கெட்டு, சூடேறி, அச்சுப்பெட்டியே கழன்று விழுந்தது. அப்படியே ஓடிய ரயில் 2.55 கி.மீ. பாதையை நாசமாக்கியது. கிழக்கு-மேற்குத் தடத்தின் ஒரு பகுதி அக்டோபர் 1 வரை திறக்கவில்லை. இதைச் செய்தது வயது இல்லை, நீட்டிய இடைவெளி. "அடுத்த வருடம் போகப்போகிறதுதானே" என்று பணிமனையில் நினைப்பு வந்தால் அது எந்த ஊரிலும் ஆபத்துதான்.

எனவே கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாகட்டும்: டி-1இன் போகி, அச்சு, பிரேக், கதவு ஆகியவற்றின் முழுப் பராமரிப்பு இடைவெளி எந்த அங்கத்துக்காவது நீட்டப்பட்டிருக்கிறதா? நீட்டியிருந்தால் ஆபத்து மதிப்பீடு எழுத்தில் இருக்கிறதா? அடுத்து, கடைசி ரயில் விலகும் நாள்வரை அந்தப் பராமரிப்புக்கான பணம் மூலதனத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? "நிதி இன்னும் கண்டறியப்படவில்லை" என்ற பட்டியலில் அது இருந்தால் விடாமல் கேளுங்கள். உதிரிக்காக ஓரங்கட்டிய பெட்டிகள் எத்தனை என்பதையும் எண்ணாகவே சொல்லச் சொல்லுங்கள்.

பணிமனையை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள். டி-1 இரண்டிரண்டு பெட்டிகளாகப் பிரியும். கிரீன்வுட் பணிமனை அப்படிப்பட்ட சோடிகளுக்காகவே கட்டியது. புது ரயில் ஆறு பெட்டியும் ஒன்றாக, சுமார் 138 மீட்டர். அது முழுதாக நுழையும் கொட்டகையும் அடியில் பள்ளமும் ரயிலுக்கு முன்னரே தயாராக வேண்டும். ஆகாவிட்டால் புது ரயில் வந்து வெளியில் நிற்கும்.

கூட்டத்துக்குப் போகுமுன் டி.டி.சி.யின் தலைமை அதிகாரி அறிக்கையைத் திறந்து, இரண்டு பழுதுகளுக்கு இடையே ரயில் சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற எண்ணைப் பாருங்கள். டி-1க்கு இலக்கு 3,30,000 கி.மீ., ரொக்கெட்டுக்கு 6,00,000. ஒரு மாதம் விழுந்தால் கவலைப்படத் தேவையில்லை. ஒரு கதவுக் கோளாறே அதை இறக்கிவிடும். தொடர்ந்து ஆறு மாதம் இலக்குக்குக் கீழே சரிந்தால் உதிரிப்பாகமோ ஆளோ போதவில்லை என்று கொள்ளலாம். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச விரும்புகிறவர் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால் மூன்று கேள்விக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள்.

அன்றாடப் பயணத்தில் கதவு இரண்டு மூன்று முறை திறந்து மூடினாலோ, சக்கரம் தாளமாகத் தட்டினாலோ (அது தட்டையான இடம் விழுந்த சக்கரம்) பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உட்சுவரில் உள்ள, 5000க்கும் 5371க்கும் இடைப்பட்ட நான்கு இலக்க எண். அந்த எண்ணையும் எந்தக் கதவு என்பதையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். எண் இல்லாத புகாரை வைத்துப் பணிமனையில் எந்தப் பெட்டியையும் தேட முடியாது.