பூவுக்குப் பெயர் எழுதும் முறை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தாவரத்தின் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) தொடங்கலாமா?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

பதில்: கூடாது. முதல் சொல்லான பேரினத்துக்கு மட்டும்தான் பெரிய எழுத்து. இரண்டாவது சொல்லான சிற்றினம் ஊர்ப்பெயரிலிருந்து வந்தாலும் ஆள்பெயரிலிருந்து வந்தாலும் சிறிய எழுத்துதான். வேம்பின் பெயரான அசாடிராக்டா இண்டிகாவில் 'இண்டிகா' அப்படித்தான் நிற்கிறது. அச்சில் இரண்டும் சாய்வெழுத்து. கையால் எழுதினால் தனித்தனி அடிக்கோடு. ஒரே நீளக்கோடு இழுக்காதீர்கள். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்த இரண்டு சொல் பெயருக்கு வழிகாட்டி 270 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ரெக்கார்டு நோட்டில் அதை எழுதுவதில் இன்னும் பிழை.

கேள்வி: ஆவாரைப்பூவா, ஆவாரம்பூவா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஆவாரம்பூ. புளியம்பூ, வேப்பம்பூ மாதிரி 'அம்' சேரும். அறிவியல் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. முன்பு கேசியா பேரினத்தில் இருந்தது.

கேள்வி: அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒருவர் பெயர் அடைப்புக்குறிக்குள்ளும் இன்னொருவர் பெயர் வெளியிலும் இருப்பது ஏன்?
– ஆசிரியர், கோபி

பதில்: உள்ளே இருப்பவர் முதலில் பெயர் வைத்தவர். வெளியே இருப்பவர் அதை வேறு பேரினத்துக்கு மாற்றியவர். ஆவாரையில் உள்ளே லின்னேயஸ், வெளியே ராக்ஸ்பர்க். இவர்கள் பெயரைச் சாய்க்கக் கூடாது.

கேள்வி: வாசலில் வைக்க சம்பங்கிக் கன்று பத்து கேட்டேன். வெங்காயம் மாதிரி கிழங்குகளை அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றுத்தானே?
– சத்தியமங்கலம் வாசகர்

பதில்: இல்லை. கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். சத்தி பக்கம் சம்பங்கி என்றால் தோட்டத்தில் கிழங்கு ஊன்றி, மாலைக்குக் கிலோக் கணக்கில் விற்கிற வெள்ளைப் பூ. நிலச்சம்பங்கி என்றும் சொல்வார்கள். நீங்கள் மனதில் வைத்திருந்தது செண்பக மரம். அதையும் பல ஊர்களில் சம்பங்கி என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. கிழங்குச் சம்பங்கி வேலியோரத்து ஆனைக்கற்றாழையின் இனம்: முன்பு பாலியாந்தெஸ் டியூபரோசா, இப்போது அகேவ் அமிகா. செண்பகம் முன்பு மிச்சிலியா, இப்போது மேக்னோலியா சம்பகா. போதாததற்கு ஜாஸ்மினம் சம்பக் என்று ஒன்று உண்டு. அது குண்டுமல்லி! அந்தச் சம்பக், மல்லிகை எண்ணெய்க்கான அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு பூங்காவில் செண்பக மரத்தில் கிழங்குச் சம்பங்கியின் பெயர்ப்பலகையை ஆணியடித்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அடிமரத்தில் துருப்பிடித்த நான்கு ஆணி, பலகையில் தப்பான பெயர். அதைப் படித்துவிட்டுப் போகிற பிள்ளை பரீட்சையில் வேறென்ன எழுதும்? பலகை எழுதுகிறவர்கள், கன்று விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஊர்ப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்திலேயே அறிவியல் பெயர், அது மாறியிருந்தால் 'முன்பு' என்று போட்டுப் பழைய பெயரும்.

கேள்வி: மஞ்சள் பூ, படம் இணைத்துள்ளேன். பெயர்?
– பெருந்துறை வாசகர்

பதில்: மஞ்சள் பூ நூறு இருக்கிறது. இலை எங்கே, காய் எங்கே? மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: பாரிமுல்லை என்ற ரகத்தை எப்படி எழுதுவது?
– பூ விவசாயி, புளியம்பட்டி

பதில்: ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம் என்று சாய்வாக எழுதி, பின்னால் 'பாரிமுல்லை' என ஒற்றை மேற்கோளுக்குள் நிமிர்ந்த எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: கண்வலிக்கிழங்கும் செங்காந்தளும் வேறு வேறா?
– மூலனூர் விவசாயி

பதில்: ஒன்றுதான், குளோரியோசா சுபர்பா. நம் மாநில மலரும் அதுவே. மறுபடியும் சொல்கிறேன், ஊர்ப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். 'கிழங்கு' என்று படித்துவிட்டு யாராவது வேகவைத்துவிடுவார்கள். கிழங்கும் விதையும் கடும் விஷம். விதை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.