வெளிநாட்டில் நூல் வாங்கப் போகிறீர்களா? பின்னல் கேள்வி பதில்

கேள்வி: மகன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். மே மாதம் போகிறோம். அங்கிருந்து ஞாபகமாக உல்லன் நூல் வாங்கி வர ஆசை. எதை வாங்கினால் அது நிஜமாகவே அந்த ஊர் நூல்? எவ்வளவு வாங்கலாம்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஆடு எங்கே வளர்ந்தது, நூல் எங்கே நூற்றது, சாயம் எங்கே ஏற்றியது. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் தொங்கும் சிட்டங்களில் பல மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளியாக இருக்கும். சாயம் மட்டும் அந்த ஊரில் ஏறியிருக்கும். கம்பளி ஆஸ்திரேலியாவிலோ தென் அமெரிக்காவிலோ வளர்ந்த ஆட்டினுடையது. நல்ல நூல்தான். ஆனால் அதை எந்த நாட்டிலும் வாங்கலாம்.

ஸ்காட்லாந்துக்கே உரியது வேண்டுமென்றால் ஷெட்லாண்ட் தீவுக் கம்பளியைக் கேளுங்கள். லெர்விக் ஊரின் ஜேமிசன் அண்ட் ஸ்மித் நிறுவனத்தார் விற்கும் ‘2 பிளை ஜம்பர் வெயிட்’ 25 கிராம் உருண்டையாக வரும். நீளம் சுமார் 115 மீட்டர். அதே தீவில் சாண்ட்னெஸ் ஊரின் ஜேமிசன்ஸ் ‘ஸ்பிண்ட்ரிஃப்ட்’ 25 கிராமுக்கு 105 மீட்டர். இரண்டுக்கும் 3 அல்லது 3.25 மி.மீ. ஊசி சரியாக இருக்கும்.

கையில் எடுத்ததும் சொரசொரப்பாக இருக்கிறதே என்று கீழே வைத்துவிடாதீர்கள். முதல் அலசலில் நூற்பு எண்ணெய் போய், இழை விரிந்து மென்மையாகிவிடும். மிச்சமிருக்கும் சொரசொரப்புக்கும் வேலை உண்டு. ஃபேர் ஐல் எனப்படும், ஒரே வரிசையில் இரு நிறம் மாற்றி மாற்றிப் பின்னும் பின்னலில் இரண்டு நிற நூல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது அதனால்தான். ஒரு கண்ணி நழுவினாலும் கீழ்வரிசைகளுக்குச் சரசரவென்று ஓடாது.

அளவை எடையில் கணக்குப் போடாதீர்கள், மீட்டரில் போடுங்கள். பலரும் அழகாக இருக்கிறது என்று ஒரே ஒரு உருண்டை வாங்கி வருகிறார்கள். 115 மீட்டரில் கைக்குழந்தைக்குக் குல்லாய் வரும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கான குல்லாய்க்கு 200 முதல் 250 மீட்டர், அதாவது 3 உருண்டை. சின்ன சால்வைக்கு 4. முழு ஸ்வெட்டருக்கு 11 முதல் 13 ஆகும். சேலம் வெயிலில் அதை எங்கே போடுவது? மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டுக்குப் போகும்போது குல்லாயும் மஃப்ளரும் இருந்தால் போதும். ஒரே நிறத்தில் பல உருண்டை எடுத்தால் லேபிளில் உள்ள சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கான எண்) எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறினால் கடையில் தெரியாத வித்தியாசம் பின்னிய பிறகு பட்டையாகத் தெரியும். ஊருக்கு வந்தபின் குறைந்த ஒரு உருண்டைக்கு எங்கே போவது?

கேள்வி: அலுவலக வேலையாகப் பெரு போகும் என் கணவர், ‘பேபி அல்பாக்கா’ நூல் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கட்டுமா என்கிறார்.
– வாசகி, மேட்டூர்

பதில்: அல்பாக்கா என்பது ஒட்டக இனத்து ரோம விலங்கு. ‘பேபி’ என்பது குட்டியின் ரோமம் அல்ல, இழையின் மென்மைத் தரம். வளர்ந்த விலங்கிலிருந்தும் அந்தத் தரம் கிடைக்கும். ரொம்ப மலிவு என்றாலே அக்ரிலிக் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டம் மட்டும் முதலில் வாங்கி, விரல் நீளத் துண்டை அறையில் எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். விலங்கு ரோமம் முடி கருகும் நாற்றம் வீசும், தீயை விலக்கினால் தானே அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் உடைக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

அசல் கிடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அல்பாக்காவுக்குக் கம்பளியின் மீள்தன்மை இல்லை. கனமான ஸ்வெட்டர் பின்னினால் தன் எடைக்கே நீண்டு முழங்காலை நோக்கி இறங்கும். சால்வையும் மஃப்ளரும்தான் அதற்குப் பொருத்தம்.

கேள்வி: ஐஸ்லாந்திலிருந்து அண்ணன் மகள் தட்டு மாதிரி சுற்றிய நூல் வாங்கி வந்தாள். லேசாக இழுத்தாலே அறுகிறது. மட்டமான சரக்கா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: மட்டமே இல்லை. அது பிளோட்டுலோபி, முறுக்கேற்றாத கம்பளி. ஒரு தட்டு 100 கிராம், சுமார் 300 மீட்டர். முறுக்கு இல்லாததால் தனியாக வலுவில்லை. பின்னலில் கண்ணிகள் ஒன்றையொன்று தாங்கிய பிறகுதான் உறுதி வரும். இரண்டு இழையைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள். இழையைச் சுண்டி இழுக்காமல், தட்டிலிருந்து அரை மீட்டர் முன்கூட்டியே தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டாம். இரு நுனிகளையும் நாலு விரல்கடை அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று வைத்து, உள்ளங்கையை லேசாக ஈரமாக்கி, சூடு வரும்வரை தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் கம்பளிச் செதில்கள் பின்னிப்பிணையும். பின்னி முடித்த துணியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கிக் கட்டியாவதும் இதனால்தான்.

கேள்வி: விமானத்தில் நூல், ஊசி கொண்டுவரலாமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: நூலைக் கைப்பையில் வைக்கலாம். ஊசியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டால் சோதனை வாசலில் வாதாட வேண்டியதில்லை. பண்ணையில் விற்கும் கழுவாத ஆட்டு ரோமத்தை மட்டும் வாங்காதீர்கள். அது பதப்படுத்தாத விலங்குப் பொருள், நோய் பரவாமல் தடுக்கும் குவாரன்டைன் விதிகளுக்குள் வரும். நூற்றுச் சாயமேற்றி லேபிள் ஒட்டிய நூலே போதும்.

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். வாங்கி வந்த கம்பளி நூலைப் பூச்சி அரிக்காமல் எப்படி வைப்பது?
– வாசகி, ஏற்காடு

பதில்: உங்கள் ஊரில் பூச்சியோடு பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். வந்த உடனே நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 3 நாள், வெளியே 1 நாள், மறுபடி 3 நாள் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது. அதை நம்ப வேண்டாம். எடுத்ததும், அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்கக்கூடாது. பிரித்தால் நூல்மேல் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சுவரை ஒட்டிய திறந்த அலமாரி மழைக்காலத்தில் ஆகவே ஆகாது.

கேள்வி: மருமகளின் வெளிநாட்டுத் தோழி சேலம் வருகிறார், நன்றாகப் பின்னுவாராம். நம்மூர் நூல் என்று எதைக் கொடுப்பது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பருத்தி நூல்தான். வெண்பட்டு நம் பெருமை என்றாலும் நெசவுப் பட்டிழை பின்னல் ஊசியில் வழுக்கும், மெலிதும்கூட. உங்கள் பகுதியிலேயே நெசவு நூல் விற்கும் கடைகளில் 2/20 நம்பர் (20-ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது) கேளுங்கள். அது 100 கிராமுக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் வரும். நாலு இழை சேர்த்தால் 100 கிராமுக்கு 420 மீட்டர். மெல்லிய கோடைச் சால்வைக்கு 2.5 முதல் 3 மி.மீ. ஊசியில் வரும். எட்டு இழை சேர்த்தால் 4 மி.மீ. ஊசியில் பை, பாத்திரம் துடைக்கும் துணி பின்னலாம். அரைக் கிலோ கொடுத்தால் தாராளம்.

இழைகளைச் சேர்த்துச் சுற்றும்போது எல்லாவற்றுக்கும் ஒரே இறுக்கம் வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் பின்னலில் சின்னச் சின்ன வளையமாக நீட்டிக்கொண்டு நிற்கும். கூர்முனை ஊசி இழைகளைப் பிளக்கும், மழுங்கிய முனை நல்லது. வாங்கும்போது கஞ்சி போடாத நூல்தானா என்று கேட்டு வாங்குங்கள். பாவுக்குக் கஞ்சி போட்டது விறைப்பாக இருக்கும், விரலை அறுக்கும். அதுதான் கிடைத்தது என்றால் சிட்டமாகவே நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.