ஆறு கிலோமீட்டருக்குப் புது டீசல் கார் எதற்கு?

கேள்வி: 2013-இல் வாங்கிய டீசல் கார், 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள் என்கிறார்கள். விற்றுவிட்டுப் புது டீசல் காரே வாங்கலாமா? 6 கி.மீ. தள்ளியுள்ள பள்ளிக்கூடத்துக்கு தினமும் போய் வருகிறேன், மாதம் ஒருமுறை சேலம்.
- ஆசிரியர் ஒருவர், பாலக்கோடு

பதில்: வேண்டவே வேண்டாம். பத்து வருட விதி டெல்லி வட்டாரத்துக்கு. இங்கே 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. அன்று டீசல் வாங்கியவர்கள் கணக்கு சரி. 2014 அக்டோபரில் டீசல் மீதான அரசின் விலைக் கட்டுப்பாடு போனது. இன்று வித்தியாசம் 8 ரூபாய் அளவில்தான். பெட்ரோல் 101, டீசல் 93 என்றும், மைலேஜ் 15, 20 என்றும் வைத்தால் கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். நீங்கள் வருடத்துக்கு ஓட்டுவது 5,600 கி.மீ. மிச்சம் சுமார் 11,700 ரூபாய். டீசல் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஒன்றேகால் லட்சத்தை எடுக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் போய் வருபவருக்கு இரண்டே வருடத்தில் வந்துவிடும். டீசல் அவருக்கு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் டி.பி.எஃப். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்தபின் எல்லா டீசல் காரிலும் புகைக்கரியைப் பிடிக்கும் இந்த வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று (ஆர்.பி.எம்.) அளவில், 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். தருமபுரி - காரிமங்கலம் நான்குவழிச் சாலையில் அது நடக்கும். தொப்பூர் மலை இறக்கத்தில் நடக்காது; ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது டீசலே பாயாது, சூடு எப்படி ஏறும்? ஆறு கிலோமீட்டரில் பள்ளி வாசலில் வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். அதற்கென்று கூடுதலாகப் பாய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். நீர்த்த ஆயிலில் முதலில் தேய்வது டர்போ.

உங்கள் பழைய வண்டியில் இந்தத் தொல்லை இருக்காது. அதைச் சரிசெய்யுங்கள். நான்கு இன்ஜெக்டரையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வது சோதிக்காமல் சொல்வது. முதலில் டீசல் ஃபில்டரை மாற்றி, அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள்; ஒரு ஓம் அளவில் காட்டினால் நல்லது, இணைப்பே இல்லை என்று காட்டினால் அது போய்விட்டது. பிறகு இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி, இன்ஜெக்டருக்கு ஒன்றாக நான்கு பாட்டில்களில் விட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். மூன்றில் ஒரே அளவும் ஒன்றில் இரண்டு மடங்கும் நிரம்பினால் அந்த ஒன்றுதான் கசிகிறது. கசிவால், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் என்ற குழாயில் அழுத்தம் ஏறாது. அதனால்தான் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அடியில் உள்ள செப்பு வாஷரும் புதிதாக இருக்கட்டும். பழையதையே போட்டால் சிலிண்டரில் எரிந்த புகை அங்கே பீறிடும். புது இன்ஜெக்டர் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வைத்து, இன்ஜினை இயக்கும் கணினியான இ.சி.யு.வில் ஏற்றினார்களா என்று நின்று பாருங்கள். ஏற்றாவிட்டால் ஐடில் நடுங்கும், மெக்கானிக் மறுபடி நான்கையும் மாற்றச் சொல்வார்.